மூன்றாவது வளைவு

மழை பெய்யும் மலைப்பாதையில் என் லாரி ஏறுகிறது.
இரண்டு வளைவு வரை ஒழுங்காக வரும்.
மூன்றாவதில் மழை நின்றுவிடும்,
துளிகள் அந்தரத்தில்,
வைப்பர் பாதிக் கண்ணாடியில்.
அரை நொடி. சில ராத்திரி ஒரு முழு நொடி.
உலகம் மறுபடி ஓடத் தொடங்கும்போது
லாரி பள்ளத்தில் கிடக்கும்.

ஜுபைல். கேம்ப் நான்கு, அறை பதினேழு.
லேப்டாப் கம்பெனியுடையது, அதில் எதையும் ஏற்றக் கூடாது.
அதனால் மலை, மழை, பதினெட்டுச் சக்கரம் எல்லாம்
உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்கில்,
டிஸ்க் ஒரு பழைய சாக்ஸுக்குள்.

"வண்டி திக்குதுடா" என்றான் ஜஸ்டின்.
சொன்ன பிறகுதான் அருளப்பனைப் பார்த்து
நாக்கைக் கடித்துக்கொண்டான்.
சாரம் கட்டுகிறவன் அருளப்பன்.
'க'வில் தொடங்கும் சொல் எதுவானாலும்
ஒவ்வொரு குழாயாகப் பிடித்துத்தான் ஏறுவான்.
சிரித்தான். "திக்கல் இல்ல.
தேடுது. கெ... கெடைச்சதும் சொல்லும்."

டிஸ்கில் காதை வைத்தேன். நிஜம்தான்.
உள்ளே எதுவோ போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது,
வெளிச்சமில்லாத அறையில் செருப்பு தேடுகிற கால் மாதிரி.

பொய் சொல்லும் கேஜுகளிடம்
உண்மையைக் கறப்பது என் பகல் வேலை.
ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று,
மாற்றியதை எழுதி வை.
கேபிளை மாற்றினேன்: பக்காலாவில் எட்டு ரியால். திக்கியது.
டிஸ்க் கண் அசராதபடி செட்டிங்கை மாற்றினேன். திக்கியது.
வைரஸ் காவலாளியைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னேன்,
கம்பெனி பாஸ்வேர்டு கேட்டான். விட்டுவிட்டேன்.
படத்தின் தரத்தைக் குறைத்தேன்:
மரங்கள் அட்டையாயின, மழை கோடுகளாயிற்று,
மூன்றாவது வளைவு மட்டும் அப்படியே.
பகலில் நிஜ ட்ரெய்லரைத் தம்மாமுக்கு ஓட்டும் சேவுகன்
மேல் கட்டிலிலிருந்து, "கியரைக் குறைடா."

வெள்ளிக்கிழமை.
நைனா முகமது தொழுகைக்குப் போய்விட்டான்.
ஜஸ்டினும் சேவுகனும் பஸ் பிடித்து டவுனுக்கு.
அருளப்பனுக்கு ஷட்டவுன் ஓவர்டைம்.
அறையில் ஏசியின் சத்தமும் நானும்.

மூன்றாவது வளைவைக் கடந்தேன்.
நான்காவதைக் கடந்தேன்.
அதற்கு அப்பால் ஒரு தேயிலைச் சரிவு இருந்திருக்கிறது,
விளக்கு எரியும் ஒரே ஒரு கடையும்.
இரண்டு மாதமாக எனக்குத் தெரியாது.
மழை விடாமல் பெய்தது.

எதுவும் மாற்றாமல் சரியானால்
எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் சரியானது இல்லை.
மாலை வரை அது உறுத்தியது.

முதலில் நைனா வந்தான், போனைச் சொருகினான். லாரி ஓடியது.
ஜஸ்டின் சொருகினான். ஸ்டியரிங் லேசாகச் சிலிர்த்தது.
சேவுகனுக்கு இரண்டு போன், ஒன்று வீட்டுக்கு, ஒன்று ஆபீசுக்கு.
இரண்டாவது உள்ளே போனதும்
மழை அந்தரத்தில் நின்றது.

அறைக்கு இரண்டே பிளக் பாயின்ட்.
ஒன்று ஃப்ரிட்ஜுக்கு. ஒன்று என் லேப்டாப்புக்கு.
லேப்டாப்பின் இடுப்பிலிருந்து தொங்குகிறது ஹப்,
ஆறு வாய், ஏழு பசி.
எல்லோரும் ஊருக்குப் பேசும் நேரத்தில்
என் டிஸ்குக்கு மின்சாரம் மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.
தனி அடாப்டர் உள்ள ஹப் நாற்பத்தைந்து ரியால்,
ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒன்பது.
ஜஸ்டின் தர மாட்டான்.

ஒன்பதரைக்கு அருளப்பன் வந்தான்.
பூட்ஸைக் கழற்றவில்லை. செத்த போன் கையில்.
ஹப்பைப் பார்த்தான், வாய் ஒன்றும் காலியில்லை.
என்னைப் பார்த்தான்.
"கொ..." என்றான். "கொ..."
என்ன கேட்கிறான் என்று எனக்குத் தெரியும்.
சொல்லி முடிக்கட்டும் என்று இருந்தேன்.

"கொஞ்சம்."

இனிப் பாதுகாப்பாக நீக்கலாம் என்று திரை சொல்லும் வரை பொறுத்து
டிஸ்கைக் கழற்றினேன்.
இன்னும் சூடாக இருந்தது.
சாக்ஸில் போட்டேன்.